ஜெனரல் நீல்: தேதிகள் சொல்லும் சாட்சி

1857இல் செத்துப் போனவன். 1937இல் அவன் சிலையும் மவுண்ட் ரோட்டை விட்டுப் போய்விட்டது. இன்னும் அவனைப் பற்றி என்ன பேச்சு? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சங்கு ஊதினால் எழுந்து ஓடி, ஷிப்டு முடிந்தால் உடம்பு நொந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு, ஒரு பழைய வெள்ளைத் துரையின் கதை எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

கதையை நாம் மறந்தாலும், துரைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் மறக்கவில்லை. மூன்று சாக்குகளை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ‘வெள்ளைக்காரப் பெண்டு பிள்ளைகளைக் கொன்றார்கள், அதைக் கண்டு கொதித்துப் பழிவாங்கினான்’ என்பது முதல் சாக்கு. ‘அந்தக் காலமே அப்படி, அன்று யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை’ என்பது இரண்டாவது. ‘அவன் ஒருவன் வெறியன், அதற்காக ஆட்சியையே குறை சொல்லலாமா’ என்பது மூன்றாவது.

தோழர்களே, இதற்குத் திட்டிப் பேசுவது பதிலாகாது. வசை பாடினால் கைதட்டல் கிடைக்கும். எதிரி வாய் மூடமாட்டான். வாய் மூட வைப்பவை தேதிகள். அவையும் நம்முடைய ஏடுகளிலிருந்து எடுத்தவை அல்ல. வெள்ளைக்காரர்களே எழுதி வைத்தவை. வரிசையாகப் பார்ப்போம்.

யார் இந்த நீல்?

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் 1810இல் ஸ்காத்லாந்தில் பிறந்தவன். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் படித்தவன். 1827இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து, மதராஸ் ஐரோப்பியப் படையில் அதிகாரியானான். அந்தப் படையின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதி 1843இல் வெளியிட்டான். இரண்டாம் பர்மா யுத்தத்தில் வேலை பார்த்தான். கிரீமிய யுத்தத்தின் போது துருக்கிப் படையில் இரண்டாவது இடத்தில் இருந்தான். 1857 மார்ச் கடைசியில் மதராஸுக்குத் திரும்பி வந்து, தன் பழைய படைக்கே தலைமை ஏற்றான்.

ஆக, அவன் கப்பலிலிருந்து நேற்று இறங்கிய சிறுபிள்ளை அல்ல. முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்தவன். படித்தவன், எழுதத் தெரிந்தவன். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தவன்.

அவன் தலைமை தாங்கிய படைக்கு ‘மதராஸ் பியூசிலியர்ஸ்’ என்று பெயர். பெயரில் மதராஸ் இருக்கிறதே என்று நம்மவர்கள் என எண்ணி விடாதீர்கள். அது வெள்ளையர் பட்டாளம். கம்பெனிக்குச் சம்பளத்துக்கு வந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் நிறைந்தது. ‘நீலத் தொப்பிகள்’ என்று அவர்களுக்குப் பட்டப் பெயர். நம் ஊரின் பெயரைத் தாங்கிக்கொண்டு அந்தப் படை வடக்கே போய்ச் செய்த காரியம் தான் இங்கே கதை.

1857 மே 10இல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். மறுநாள் டில்லி அவர்கள் கைக்கு வந்தது. வட இந்தியாவில் வெள்ளைப் பட்டாளம் குறைவு. கல்கத்தாவிலிருந்து மதராஸுக்கு அவசர அழைப்பு வந்தது. மே மாதத்திலேயே நீல் தன் படையோடு கப்பலேறினான்.

அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும், மசூலா படகில் ஏற்றி, புரண்டு வரும் அலையைத் தாண்டித்தான் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தப் படகைத் தள்ளியவர்களும் துடுப்புப் போட்டவர்களும் இந்தக் கரையில் பிழைத்த ஏழைப் படகோட்டிகள். பட்டாளத்தின் புத்தகத்தில் துரைகளின் பெயர் இருக்கும். படகு தள்ளியவன் பெயரை யார் எழுதினார்கள்?

ஹௌராவில் நடந்தது

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1இல் ஓடத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முந்தியே, 1854இல், கல்கத்தாவுக்கு எதிர்க்கரையான ஹௌராவிலிருந்து ரயில் ஓடியது. கல்கத்தாவில் இறங்கிய நீலின் படையில் ஒரு பகுதி அந்த ரயிலில் ஏறி ராணிகஞ்சு போக வேண்டியிருந்தது.

சிப்பாய்கள் ஆற்றைக் கடந்து வரத் தாமதமாயிற்று. ரயில் புறப்படும் நேரம் வந்துவிட்டது. காத்திருக்க முடியாது என்றார்கள் ஸ்டேஷன் அதிகாரிகள். நீல் என்ன செய்தான்? ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்துக் காவலில் வைத்தான். எஞ்சின் ஓட்டுபவனையும் கரி தள்ளுபவனையும் துப்பாக்கிக் காவலில் நிறுத்தினான். தன் ஆட்கள் ஏறி முடிந்த பிறகே ரயில் நகர்ந்தது. பத்து நிமிஷத் தாமதம்.

இந்தச் சம்பவத்தை ஆங்கிலேய ஆசிரியர்கள் மெச்சி மெச்சி எழுதினார்கள். ‘ஆளென்றால் இவனல்லவா ஆள்’ என்கிற தோரணை. ரயில்வேத் தோழர்கள் இதை வேறு கண்ணால் பார்ப்பார்கள். அந்த நாளில் எஞ்சின் ஓட்டியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களே. அவன் கை முதலில் விழுந்தது தன் சாதி சனத்து உழைப்பாளி மீது. நேரப்படி வண்டி விடுவதுதான் அந்த மனிதனின் வேலை. வேலையைச் செய்கிறேன் என்றவன் முதுகில் துப்பாக்கி வைக்கப்பட்டது. ஏகாதிபத்தியத்துக்கு அவசரம் வந்தால் தொழிலாளியின் தோல் வெள்ளையா கறுப்பா என்று பார்க்காது. இதைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.

காசியும் அலகாபாத்தும்

ஜூன் 4. காசியில் 37ஆம் சிப்பாய்ப் படையின் ஆயுதத்தைப் பறிக்க அணிவகுப்பு நடந்தது. குழப்பத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. பீரங்கி திரும்பியது, விசுவாசமாக இருந்த சீக்கியர் படையும் அதற்குத் தப்பவில்லை. மைதானத்திலேயே தலைமை நீலின் கைக்கு மாறியது. பிறகு காசியைச் சுற்றித் தூக்கு மரங்கள் முளைத்தன.

ஜூன் 11. நீல் அலகாபாத் கோட்டைக்குள் வந்து சேர்ந்தான். அங்கே ஜூன் 6இல் 6ஆம் படைச் சிப்பாய்கள் எழுந்து தங்கள் வெள்ளை அதிகாரிகளைக் கொன்றிருந்தார்கள். இதை நாம் மறைக்கவில்லை. மௌல்வி லியாகத் அலியின் தலைமையில் நகரம் கம்பெனி ஆட்சியை உதறியிருந்தது. ஒரு வாரத்துக்குள் பீரங்கி முழக்கத்தோடு நகரத்தை நீல் திரும்பப் பிடித்தான். மௌல்வி வெளியேறினார்.

எதிர்த்தவர் போய்விட்டார். நகரம் கைக்கு வந்துவிட்டது. பிறகுதான் கொலை பெருகியது. மே, ஜூன் மாதங்களில் கம்பெனி அரசு அவசரச் சட்டங்களை நிறைவேற்றியிருந்தது. விசாரணை என்ற பெயருக்கு ஒரு கமிஷன் போதும். மரண தண்டனைக்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தச் சட்டத்தின் நிழலில் அதிகாரிகளும், அதிகாரம் ஏதுமில்லாத வெள்ளையர்களுங்கூட, மனிதரை மரத்தில் தொங்கவிட்டார்கள். கிராமங்கள் எரிந்தன. போலாநாத் சந்தர் என்ற வங்காளிப் பயணி பின்னாளில் அந்தப் பக்கம் போய்க் கேட்டறிந்து எழுதினார்: ஆறாயிரம் பேர் மாண்டதாக ஊர் சொல்லிற்று என்றும், பிணங்களை இறக்கி அள்ளிப் போக நாள்தோறும் எட்டு வண்டிகள் மூன்று மாதம் ஓடின என்றும்.

வங்காளி சொன்னதை நம்ப மாட்டீர்களா? வெள்ளையன் சொன்னதைக் கேளுங்கள். இந்த யுத்தத்தின் பெரிய வரலாற்றை எழுதிய ஜான் கேய் என்ற ஆங்கிலேயர், கவர்னர் ஜெனரலும் அவர் கவுன்சிலும் இங்கிலாந்துக்கு அனுப்பிய காகிதங்களையே எடுத்துக் காட்டுகிறார். கலகம் செய்தவர்களோடு கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் பலியாகிறார்கள் என்று அந்த அரசாங்கக் காகிதமே ஒப்புக் கொள்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜூன் 30. நீல் தன் அதிகாரி ரெனோவின் தலைமையில் ஒரு படையைக் கான்பூர்ச் சாலையில் முன்னே அனுப்பினான். கையில் எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தான். பெயர் குறித்த கிராமங்களைத் தாக்கி, ஆண்களை எல்லாம் கொன்று, ஊரை அழிக்க வேண்டும். கலகம் செய்த படைகளைச் சேர்ந்த சிப்பாய் எவனாவது தன்னைப் பற்றிச் சரியான பதில் சொல்லாவிட்டால் தூக்கில் போட வேண்டும். பதேபூரில் பட்டாணியர் வசிக்கும் பகுதியை, வசிப்பவர்களோடு சேர்த்து அழிக்க வேண்டும். இவை போர்க்களத்தில் கோபத்தில் வந்த வார்த்தைகள் அல்ல. மேஜை முன் உட்கார்ந்து மையைத் தொட்டு எழுதியவை.

அந்த உத்தரவு எப்படி நிறைவேறியது? லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் ரஸ்ஸல், அந்தப் படையோடு போன ஓர் அதிகாரி சொன்னதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இரண்டே நாளில் சாலையோரத்தில் 42 பேர் தூக்கில் தொங்கினார்கள். அவர்களன்றி இன்னும் 12 பேர் கொல்லப்பட்டார்கள். படை எதிர்ப்பட்டபோது அவர்களுடைய முகம் தப்பான திசையில் திரும்பியிருந்ததாம்! அதுதான் குற்றம்.

முதல் சாக்கு உடைகிறது

இப்போது கான்பூருக்கு வருவோம். அங்கே பிபிகர் என்ற வீட்டில் அடைபட்டிருந்த வெள்ளைப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ இருநூறு பேர் கொல்லப்பட்டார்கள். அது கொடுமை. எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும், குழந்தையைக் கொல்வது கொடுமைதான். விடுதலைப் போரின் பெயரால் அதற்கு வெள்ளையடிக்க நாம் வரவில்லை.

ஆனால் அது நடந்தது எப்போது? 1857 ஜூலை 15.

தோழர்களே, விரல் விட்டு எண்ணுங்கள். காசி அணிவகுப்பு ஜூன் 4. அலகாபாத் ஜூன் 11 முதல். ரெனோவுக்குக் கொடுத்த உத்தரவு ஜூன் 30. பிபிகர் ஜூலை 15. ஜூலையில் நடந்ததற்கு ஜூனில் பழி வாங்கினானா? நடக்கப் போவதை முன்கூட்டியே கனவு கண்டானா? தூக்கு மரமும் எரிந்த கிராமமும் முன்னே வந்தன. பிபிகர் பின்னே வந்தது. ‘பெண்டு பிள்ளைகளுக்காகக் கொதித்தான்’ என்கிற கதை நாள்காட்டியின் முன் நிற்காது.

ஜூலை 20 வாக்கில் நீல் கான்பூருக்குப் போய்ச் சேர்ந்தான். ஜூலை 25இல் ஓர் உத்தரவு போட்டான். குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் தூக்குக்குப் போகுமுன், பிபிகரில் உறைந்து கிடந்த ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மறுத்தால் சவுக்கடி. நாவால் நக்க வைத்ததாகவும் அங்கிருந்த வெள்ளையர்களே எழுதியிருக்கிறார்கள். மேல்சாதிக்காரனுக்கு ரத்தத்தைத் தொடுவது மரணத்தை விடப் பயங்கரம் என்பதாலேயே இப்படிச் செய்கிறேன் என்று நீல் விளக்கமும் கூறினான்.

சாதித் திமிரை வெறுக்கும் நம் தோழர்களில் சிலருக்கு, ‘மேல்சாதிக்காரன் தானே, பட்டால் என்ன’ என்ற எண்ணம் ஒரு கணம் வரலாம். வர விடாதீர்கள். அவன் சாதியை உடைக்க வரவில்லை. சாதி எவ்வளவு ஆழமாக மனிதனைப் பிடித்திருக்கிறது என்று அளந்து, அதையே சவுக்காக்கினான். துடைப்பத்தைக் கீழ்ச்சாதியான் கையில் கொடுத்தால் வேலை என்றும், மேல்சாதியான் கையில் கொடுத்தால் தண்டனை என்றும் வைப்பது சாதிக்குப் பட்டாபிஷேகம் செய்வதாகும். கழிவுநீர்க் குழியில் இன்றும் மனிதனை இறக்கும் நாட்டில் வாழும் நமக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இரண்டாவது சாக்கு

‘அந்தக் காலமே அப்படி’ என்கிறார்களே, அதையும் தேதியாலேயே பார்ப்போம்.

1857 ஜூலை 31. அதே கம்பெனி ஆட்சியின் கவர்னர் ஜெனரல் கானிங், கண்மூடித்தனமாகத் தண்டிக்கக் கூடாது என்று சிவில் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தார். கானிங் என்ன, இந்தியாவின் நண்பரா? கம்பெனியின் லாபத்தைக் காக்க வந்தவர். ஊரை எரித்தால் வரி கொடுக்க உழவன் மிஞ்ச மாட்டான் என்று தெரிந்தவர். அவருக்கே பொறுக்கவில்லை. கல்கத்தா வெள்ளையர்கள் அவரைக் ‘கருணை கானிங்’ என்று நையாண்டி செய்தார்கள். அவரைத் திருப்பி அழைக்க வேண்டுமென்று மனுப் போட்டார்கள்.

அப்படியானால் அன்றே இரண்டு கருத்து இருந்தது. செய்தது தவறு என்று சொல்ல அன்றே ஆள் இருந்தது. எழுதி வைக்கக் கேய் போன்றவர்களும் இருந்தார்கள். அந்தக் காலம் முழுவதையும் கூண்டில் ஏற்றி, நீலைத் தப்பவிடப் பார்ப்பது செல்லாது.

மூன்றாவது சாக்கு

‘ஒருவனின் வெறி’ என்பது கடைசிச் சாக்கு. வெறியனை ஆட்சி என்ன செய்ய வேண்டும்? விலங்கு போட வேண்டும். என்ன செய்தது?

1857 செப்டம்பர் 25இல் லட்சுமணபுரியில், ரெசிடென்சிக்குப் போகும் வழியில், ஒரு வாயிலருகே துப்பாக்கிக் குண்டு பட்டு நீல் செத்தான். அந்த வாயிலுக்கு ‘நீல் கேட்’ என்று பெயர் வைத்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் ‘சர்’ பட்டம் கிடைத்திருக்கும் என்று கூறி, அவன் மனைவிக்கு அந்த அந்தஸ்தை மகாராணி அளித்தார். பிறந்த மண்ணில், எயர் நகரத்தில் அவனுக்குச் சிலை. அதைச் செய்த சிற்பி மாத்யூ நோபிள். மதராஸில் மவுண்ட் ரோட்டில் இன்னொரு சிலை. அந்தமானில் ஒரு தீவுக்கே நீல் என்று பெயர்.

அந்தமானை ஏன் தனியாகச் சொல்கிறேன்? அலகாபாத்தில் அவனை எதிர்த்த மௌல்வி லியாகத் அலி பல ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டு அனுப்பப்பட்டது அந்தமானுக்கு! எதிர்த்தவருக்கு அந்தத் தீவுக் கூட்டம் சிறை. எரித்தவனுக்கு அதிலேயே ஒரு தீவு பரிசு. ஒரு தனி மனிதனின் வெறிக்கு ராணியின் மரியாதையும், சிற்பியின் வெண்கலமும், பூகோளப் படத்தில் இடமும் கிடைக்குமா? இது ஓர் ஆட்சி தன் வேலைக்காரனுக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ். குற்றம் ஆட்சியினுடையது. நீல் அதன் கை.

பூவிருந்தவல்லியில் சிலை இல்லாதவர்கள்

அதே 1857இல், நம் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சம்பவம் நடந்தது. அதற்குச் சிலை இல்லை. பாடப் புத்தகத்திலும் அதிகம் இடமில்லை.

8ஆம் மதராஸ் குதிரைப்படை பெங்களூரிலிருந்து சென்னைக்கு நடந்து வந்தது. இங்கே கப்பலேறி வங்காளத்துக்குப் போய்க் கலகத்தை அடக்க வேண்டும் என்பது உத்தரவு. சென்னையை நெருங்கும்போது சிப்பாய்கள் நின்றார்கள். சம்பளம், படி, பென்ஷன் எல்லாம் 1837க்கு முன்னிருந்த விகிதப்படி வேண்டும் என்றார்கள். அரசாங்கம் அவசரத்தில் ஒத்துக்கொண்டது. படை பூவிருந்தவல்லி வரை வந்தது. அங்கே மறுபடி நின்றது. எங்கள் நாட்டாரோடு போர் செய்ய மாட்டோம் என்றது.

பீரங்கி வந்தது. சிப்பாய்களின் ஆயுதத்தையும் குதிரைகளையும் பறித்துக்கொண்டார்கள். குதிரைகள் கல்கத்தாவுக்குக் கப்பலேறின, மனிதர்கள் ஏறவில்லை.

கூலியில் தொடங்கியது கோரிக்கை. நம் சங்கங்களிலும் அப்படித்தான் தொடங்குகிறது. அரை ரூபாய் படிக்காக வாசலில் நின்ற மனிதன், நிற்கிற பழக்கம் வந்த பிறகு, ‘யாருக்காக இந்த வேலை செய்கிறேன்’ என்று கேட்கிறான். பூவிருந்தவல்லியில் அந்தக் கேள்வி எழுந்தது. மே மாதத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவனுக்கு வெண்கலச் சிலை. ஏற மாட்டேன் என்றவர்களுக்கு ஒரு கல்வெட்டுக்கூட இல்லை. யார் நம் ஆட்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

சிலையை அசைத்த கைகள்

எழுபது ஆண்டு காலம் மவுண்ட் ரோட்டில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்தச் சிலையைக் கடந்து போனார்கள். சிலை சும்மா நிற்பதில்லை. ‘எதிர்த்தால் இதுதான்’ என்று பேசாமல் பேசும். கீழே நடந்து போகும் கூலிக்காரனுக்கும் குமாஸ்தாவுக்கும் அது தினசரி எச்சரிக்கை.

1927இல் அதற்குப் பதில் கிடைத்தது. ஆகஸ்டில் முகமது சாலியா, சுப்பராயலு நாயுடு என்ற இரு தொண்டர்கள் சிலையைத் தாக்கிக் கைதானார்கள். பெயர்களைக் கவனியுங்கள்: ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் தொண்டர்கள் அணியணியாக வந்தார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு பெண்ணோடு வந்து போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். செப்டம்பரில் சென்னைக்கு வந்த காந்தியார், அகிம்சை வழியில் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போராட்டத்துக்கு ஆதரவு தந்தார். விருதுநகர் இளைஞர் காமராஜர் அடுத்துத் தலைமை ஏற்கத் தயாராக நின்றார்.

சட்டசபையிலோ, சிலையை எடுக்க வேண்டும் என்ற தீர்மானம் தோற்றது. வெள்ளைக்காரனுக்கு அஞ்சி வாக்களித்த நம்மவர்களும் அதில் இருந்தார்கள். வீதியில் ஏழை அடிபட்டான். சபையில் கனவான் கையைத் தூக்கினான். பிறகு சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்தது. சிலை விவகாரம் பின்னுக்குப் போயிற்று.

அந்த ஆண்டுகளின் சென்னையையும் நினைத்துப் பாருங்கள். 1923இல் சிங்காரவேலர் கடற்கரையில் முதல் மே தினக் கொடியை ஏற்றியிருந்தார். 1928இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காகச் சிங்காரவேலரையும் முகுந்தலால் சர்க்காரையும் சதி வழக்கில் மாட்டிச் சிறையில் தள்ளினார்கள். ஹௌராவில் எஞ்சின் ஓட்டுபவன் முதுகில் வைத்த துப்பாக்கி, எழுபது ஆண்டு கழித்துத் தென்னாட்டு ரயில் தொழிலாளி முன் வழக்காகவும் விலங்காகவும் வந்தது. சிலை நின்றதும், சங்கத்தை ஒடுக்கியதும், ஒரே ஆட்சியின் இரு கைகள்.

1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்தது. சென்னைக் கார்ப்பரேஷன் தீர்மானம் போட்டது; நவம்பரில் சிலை அகற்றப்பட்டது. நல்ல காரியம். பாராட்டுவோம். ஆனால் சபை கையெழுத்துப் போடுவதற்குப் பத்து ஆண்டு முந்தியே அந்தச் சிலையை அசைத்தவர்கள் சிறைக்குப் போன சாதாரண மனிதர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.

எல்லாச் சிலையையும் உடைக்கவா?

‘வெள்ளைக்காரன் சிலை என்றாலே ஆத்திரமா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டையிலிருந்து மவுண்ட் ரோட்டுக்கு வரும் வழியில், தீவுத்திடலருகே, குதிரை மேல் தாமஸ் மன்றோ இன்றும் இருக்கிறார். அவரும் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரிதான். 1820 முதல் 1827 வரை மதராஸ் கவர்னர். 1927இல் சுத்தியல் எடுத்தவர்கள் அவரிடம் போகவில்லை. அவருடைய ரயத்துவாரி முறையைப் பற்றி, உழவன் சுமந்த வரியைப் பற்றி நமக்குக் கணக்கு உண்டு. அது வாதாடித் தீர்க்கும் கணக்கு. நீலின் கணக்கு வேறு. நம் ஜனங்கள் தோலைப் பார்க்கவில்லை, செயலைப் பார்த்தார்கள். படிக்காதவர்கள் என்று கனவான்கள் எள்ளிய அந்தத் தொண்டர்களுக்கு அந்தப் பாகுபாடு தெரிந்திருந்தது.

நீலின் சிலை உருக்கப்படவும் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருக்கட்டும். வீதியில் நின்றால் அது மரியாதை. அருங்காட்சியகத்தில் இருந்தால் அது சாட்சிப் பொருள். கொலைக் கருவியைக் கோர்ட்டில் வைப்பதில்லையா?

2018 டிசம்பரில் அந்தமானின் நீல் தீவு ‘ஷாகீத் தீவு’ என்று மாறியது. தியாகி என்பது பொருள். பெயர் மாற்றம் சரிதான். ஆனால் பெயர்ப் பலகைக்கு வர்ணம் அடிப்பதோடு வேலை முடிந்தது என்று ஆளவந்தார்கள் நினைத்தால், நாம் கேட்போம்: விசாரணை இல்லாமல் மனிதனை அடைத்து வைக்கும் சட்டத்தை எப்போது மாற்றுவீர்கள்? கேள்வி கேட்கிற தொழிலாளியை மறுநாளே வாசலுக்கு வெளியே நிறுத்தும் கான்டிராக்ட் முறையை எப்போது மாற்றுவீர்கள்? ‘முகம் தப்பான திசையில் திரும்பியிருந்தது’ என்பதே குற்றமாகும் நிலைமை ஒழிந்தால்தான் நீல் ஒழிந்தான் என்று பொருள்.

தோழர்களுக்கு ஒரு வேலை

வடசென்னைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் இரண்டு மாலை இதற்கு ஒதுக்குங்கள். இளைஞர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சுவரில் ஒரு பெரிய காகிதத்தை ஒட்டி, தேதிகளை வரிசையாக எழுதுங்கள். ஜூன் 4, ஜூன் 11, ஜூன் 30, ஜூலை 15, ஜூலை 25, ஜூலை 31, செப்டம்பர் 25. ஒவ்வொன்றுக்கும் எதிரே நடந்ததை ஒரே வரியில் எழுதுங்கள். பிபிகரையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். நமக்குப் பாதகமான உண்மையையும் சொல்லுகிறவன் பேச்சைத்தான் ஊர் நம்பும். கடைசியில் பூவிருந்தவல்லிக் குதிரைப்படையையும், முகமது சாலியா, சுப்பராயலு நாயுடு, அஞ்சலை அம்மாள் பெயர்களையும் எழுதுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போங்கள். சிலையைக் காட்டுங்கள். கல்லெறிய வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். ஜூன் முந்தியா ஜூலை முந்தியா என்று கேளுங்கள். பிள்ளைகள் சரியான பதிலைச் சொல்லுவார்கள்.